ஒரு ராத்திரி ஊறிய கிழங்கு

நேற்றுச் சாயங்காலம் ஓடையில் அமிழ்த்திய மூட்டையை இன்று விடியும்போதே இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தாள் கோசி. நாணல் புதருக்குப் பின்னால் குத்தவைத்திருந்த கிபேத்தி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

கசப்பு மரவள்ளி. மூன்று ராத்திரி தண்ணீரில் கிடந்தால்தான் அதன் விஷம் இறங்கும். ஒரே ராத்திரியில் எடுத்துத் தின்றால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எமிலைப் பார்த்தால் போதும். போன வறட்சியில் ஒருநாள் காலை எழுந்தவனுக்கு முழங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. இன்றுவரை இரண்டு கம்பு ஊன்றித்தான் நடக்கிறான்.

கிபேத்தி தன் மூட்டையை எடுக்கத்தான் வந்தாள். இருட்டில் துழாவி இழுத்துக் கரையில் போட்டபோது பாதையில் கோசியின் தலை தெரிந்தது. உடனே புதருக்குள் பதுங்கிவிட்டாள். ஏன் பதுங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒளிந்து பார்த்தால்தானே நாலு விஷயம் தெரியும்!

கிபேத்தியின் தம்பி கசாங்கா கோசியைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. கசாங்காவுக்கு நாற்பது வயசு, செங்கல் வீடு, சைக்கிள், ஐந்து ஆடு. கோசிக்கு இருபத்து நாலு. இதற்கு மேல் கிபேத்திக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முற்றத்தில் கிழங்கைக் காயப்போடும்போதும் அதே நினைப்புதான். இந்த முறை கிழங்கு கைக்கு மசியவில்லை. கத்தி வைத்து நறுக்க வேண்டியிருந்தது.

"குளிர்காலத்துத் தண்ணி, எங்க ஊறுது!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கோசி புராணத்தைத் தொடர்ந்தாள். "ஒரே ராத்திரிடி! என் தம்பி காலை முடக்கப் பாக்குறா."

"பசிக்கு அவசரப்பட்டிருப்பா."

"பசியாம் பசி! கால் விளங்காதவன் சைக்கிளை வெச்சு என்ன பண்ணுவான்? இவ அண்ணன்தான் ஓட்டிட்டுப் போவான்."

"அப்ப இப்பவே தம்பிகிட்ட சொல்லிடேன்."

"சொன்னா நம்புவானா? மயங்கிக் கிடக்குறான். காஞ்சு, இடிச்சு, களி கிண்டி, தட்டுல வைக்கட்டும். கையும் களவுமா பிடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீட்டிலும் புது மாவு கொதித்தது.

கிபேத்தியின் புருஷன் வைரம் தோண்ட எல்லை தாண்டிப் போனவன். வீட்டில் அவளும் ஏழு வயசு மகள் லெம்பாவும்தான். களியை உருட்டி மகள் முன்னால் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா, தொட்டுக்கப் பயறு இல்லியா?"

"தீந்துபோச்சு. உப்புத் தண்ணில தொட்டுத் தின்னு. மாமா உசுரைக் காப்பாத்திட்டு வந்துடறேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது கசாங்கா முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். கிபேத்தி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். உருண்டை ஆட்டுக்குட்டி மேல் போய் விழுந்தது.

"தின்னாதடா! கால் போயிரும்!"

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா?"

"எனக்கா கிறுக்கு? புதன்கிழமை சாயங்காலம் முக்குனா, வியாழக்கிழமை விடியக்காலம் எடுத்தா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். இல்லைன்னு சொல்லச் சொல்லு!"

ஊர் வேலியோரம் கூடிவிட்டது. கோசி சத்தம் போடவில்லை. அகப்பையை ஓரமாக வைத்தாள்.

"நான் ரெண்டு மூட்டை போட்டேன் அக்கா. திங்கக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. எடுத்தது திங்கக்கிழமை மூட்டை. மிச்சக் கிழங்கு கூரைல காயுது, பிட்டுப் பாருங்க."

கிபேத்தி எட்டி ஒரு துண்டை எடுத்து நசுக்கினாள். சுண்ணாம்பாக உதிர்ந்தது. நன்றாக ஊறிய கிழங்கு.

"அதோட, நர்சம்மா சொன்ன மாதிரி பயறும் புழு வறுவலும் வெச்சிருக்கேன். மிச்சம் மீதி விஷம் இருந்தாலும் அது முறிச்சிரும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிபேத்தி விடுவாளா? "அப்ப அந்தப் புதன்கிழமை மூட்டை எங்கடி?"

"அதுதான் எனக்கும் தெரியல." கோசியின் குரல் தணிந்தது. "நேத்து எடுக்கப் போனேன். ஒரு மூட்டைதான் கிடந்துச்சு. பிரிச்சா கூழாக் கரைஞ்சு நாறுது. மூணு ராத்திரில அப்படி ஆகாது. அது திங்கக்கிழமையே போட்ட வேற யாரோட மூட்டையோ. ஊர் பூரா ஒரே மாதிரி பச்சைக்கோடு போட்ட சாக்கு. தன்னோடதுன்னு நினைச்சு என்னோட பச்சைக் கிழங்கை யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க."



கசாங்கா மெதுவாக எழுந்தான். "அக்கா, திங்கக்கிழமை நீயும்தானே மூட்டை போட்ட?"

கிபேத்தி தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். 

கோசி அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா... லெம்பா சாப்பிட்டுட்டாளா?"