பிரிண்டர் இருக்கிறதா

கோத்தகிரியில் மாலை மூடுபனி ஜன்னலை வெள்ளையாக்குகிறது. தாயகம் திரும்பியோர் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது. இன்று பட்டியல் அச்சாகாவிட்டால் வீடு அடுத்த வருஷம்தான். புரோகிராமர் பாலன், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான கெர்னலில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் பகுதியை வரிவரியாக விரலால் தொட்டுப் படிக்கிறான். கேபிள் சற்றே தளர்ந்தாலும், பிரிண்டர் இருக்கிறதா என்று பாராமலே டிரைவர் நினைவகத்தின் பூஜ்ய முகவரிக்குப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை, மொத்த இயந்திரமும் விழுந்து நின்றுவிடுகிறது. இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தெய்வம்மா காலையிலிருந்து எதிர் பெஞ்சில் இருக்கிறாள், துணிப்பையை மடியில் இறுக்கியபடி.

"எங்க பேருலதான் பிழையோ தம்பி?"

"உங்க பேர்ல ஒண்ணுமில்லீங்கம்மா. தப்பு மெசின்லதானுங்க."

இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் திரும்பு என ஒரு வரி சேர்த்து, கெர்னலை மறுபடி ஏற்றுகிறான். கேபிளை வேண்டுமென்றே பிடுங்குகிறான். பிரிண்டர் இல்லை என்கிறது திரை, இயந்திரம் விழவில்லை. மறுபடி செருகியதும் பிரிண்டரின் ஊசிகள் கரகரவென்று தாளைக் குத்துகின்றன. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவனே வாசிக்கிறான். "தெய்வம்மா, வீட்டு எண் பதினேழு."

அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க தம்பி."