நாக்குக்கு அடியில்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த கணவரை அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடத்தினார்கள். மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கையில் எடுத்தார். கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார், எல்லா ஆம்பளைங்ககிட்டயும் கேக்கறதுதான். நேத்து, இன்னிக்கு வீரிய மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா? போட்டிருந்தா இதக் குடுக்கக் கூடாது. பிரஷர் மளமளன்னு எறங்கி உயிரே போயிடும். சொல்லிட்டீங்கன்னா வேற மருந்து இருக்கு."

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சேச்சே... இல்ல டாக்டர்."

டாக்டருக்குச் சமாதானமாகவில்லை. அவளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"தங்கமான மனுஷன் டாக்டர். ராத்திரி பூரா ஆபீஸ் மீட்டிங். காலையிலதான் வீட்டுக்கே வந்தார். நீங்க தைரியமாக் குடுங்க."

கணவர் நன்றியோடு அவள் கையைப் பற்றிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்னென்னவோ பண்ணிப் பாத்தோம்மா. பிரஷர் ஏன் இப்படிப் பாதாளத்துக்குப் போச்சுன்னே புரியல" என்றார் டாக்டர்.

அவள் கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு, கைப்பையைத் திறந்தாள். கிளம்பும் அவசரத்தில் அவருக்குச் சட்டை மாற்றியபோது, கழற்றிய சட்டையின் பையிலிருந்து விழுந்த மாத்திரை அட்டை உள்ளே இருந்தது. டாக்டர் கேட்ட அதே வகை. நான்கில் இரண்டு காலி.

அதைக் குப்பைக்கூடையின் அடியில் திணித்துவிட்டு, வெளியே வந்து ஓவென்று அழத் தொடங்கினாள்.