முழங்கால் வலி

"அத்தை, உங்களுக்குத்தான் முழங்கால் வலின்னு சொல்றீங்களே. பெட்டிகளைப் பார்த்துக்கிட்டு இங்கயே இருங்க. நாங்க ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வந்துடறோம்."

மருமகள் கைப்பையை மாட்டிக்கொண்டாள். காலையில்தான் ஒரு ரயிலிலிருந்து இறங்கியிருந்தார்கள். அடுத்த ரயில் சாயங்காலம் ஐந்து மணிக்கு. மாமியாரைக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்துவிட்டு, புருஷனோடு கிளம்பிப் போயே போய்விட்டாள்.

அறைப் பொறுப்பாளரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக அந்த மேஜையில் உட்கார்ந்து டிக்கெட் பார்க்கிறவர். எத்தனை மருமகள்களைப் பார்த்திருப்பார்!

"பெத்தவங்கன்னா பெட்டிக்குக் காவல்தான் போலிருக்கு" என்றார் வாய்விட்டு.

மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். இருவர் தலையும் மறைந்ததும் விருட்டென்று எழுந்தார்.

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் புளுகினேன். கல்யாணமாகி ஏழு மாசமாச்சு. எங்களுது சின்ன வீடு. ரெண்டு பேரும் தனியா நாலு தெரு நடந்ததில்ல. நான் கூடப் போனா 'உட்காரு, தண்ணி குடி'ன்னு என்னையே சுத்தி வருவாங்க."

பொறுப்பாளரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இன்னொண்ணு..." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா இந்த ஊரை ரயில் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன். வண்டி போயிடும்னு எங்க வீட்டுக்காரர் இறங்கவே விடமாட்டார். அந்த மணிக்கூண்டு மேல ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும். பெட்டியைக் கொஞ்சம்..."

ஆளில்லாத பெட்டி அறையில் இருக்கக் கூடாது. சுவரில் போர்டே தொங்குகிறது. எழுதி மாட்டியவரே பொறுப்பாளரம்மாதான்.

"மேஜைக்கு அடியில தள்ளுங்க. நாலு மணிக்குள்ள வந்துடணும். அவங்க முந்திக்கிட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

மணி நாலு. நாலே கால். பொறுப்பாளரம்மா மேஜைக்கும் வாசலுக்குமாக நடந்தார். நாலு இருபதுக்கு மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது நிமிடம் மகனும் மருமகளும் வந்தார்கள்.

"எல்லாம் பார்த்தீங்களா?"

"எங்கேம்மா! மணிக்கூண்டுல பாதிப் படி ஏறினதும் இவளுக்குத் தலை சுத்திடுச்சு. இறங்கிட்டோம்" என்றான் மகன்.

"அடடா, மேல காத்து எவ்வளவு நல்லா..." மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இருந்திருக்கும்!"

மகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மாமியார் முகம் கழுவப் போனார்.

பொறுப்பாளரம்மா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "பாவம்மா உங்க அத்தை. இருந்த இடத்தை விட்டு அசையல."

மருமகள் சிரித்துவிட்டாள். "நீங்களும் அவங்க கட்சியா? படியில நின்னு நிமிர்ந்து பார்த்தா, உச்சியில சின்னப் பொண்ணு மாதிரி நிக்கிறாங்க. இவர் பார்த்துட்டா கூசிப் போயிடுவாங்களே. அதான் எனக்குத் தலை சுத்திச்சு. அவங்க இங்க வந்து சேர்ற வரைக்கும் இவரை ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில செருப்பு பார்க்க வச்சேன்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு தைலப் பாட்டிலை எடுத்து, மூடியின் சீலைத் திருகி உடைத்தாள்.

"இதை அப்பதான் பக்கத்துக் கடையில வாங்கினேன். நூத்தி இருபது படி ஏறியிருக்காங்க. இப்ப நிஜமாவே வலிக்கும்!"