ராணிக்கு ஒரு சொட்டுத் தேன்

பஸ் இன்ஜினையே தனி ஆளாகப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தேன் வைப்பதற்குள் வியர்த்துப் போனார். பெட்டிக்குள் இருந்தவை மகளுடைய எறும்புகள். ஒன்று குறைந்தாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

ராணி எறும்பு அசையவே இல்லை. பதறிப்போய், எறும்பு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"எத்தனை நாளா அசையலண்ணே?"

"நாலு நாளா தம்பி. ஆனா மத்ததெல்லாம் சுத்தி நின்னு நக்கிக் கொடுக்குது, வாயில ஊட்டி விடுது. அப்போ உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இல்லண்ணே, ராணி செத்துடுச்சு. உடம்புல வாசம் இருக்கிற வரைக்கும் அதுங்களுக்கு அது தெரியாது. வாசம் போனதும் அதுங்களே தூக்கி ஓரமாப் போட்டுடும்."

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியக்கார ஜென்மங்க! கண்ணெதிர்ல கிடக்குது, செத்துப்போனதுகூடவா தெரியாது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அறை வாசலில் மனைவி துணி வாளியோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, இன்னைக்காவது அந்தத் தலையணை உறையைக் கொடுங்க. துவைச்சுப் போடறேன். புள்ள நம்மள விட்டுப் போய் மூணு மாசமாச்சு."

அவர் கட்டிலில் இருந்த மகளின் தலையணையை வாரி எடுத்து, அதில் முகம் புதைத்து மூச்சை இழுத்தார்.

"வேணாம்டி," என்றார். "இன்னும் வாசம் இருக்கு."