உடனடிப் பதில்

இறந்தவர்களோடு பேசவைக்கும் இணையதளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு இளம்பரிதிக்கு வந்தது. பின்னணியில் பைத்தான் நிரல்மொழியே தொடரட்டுமா, அதைவிட வேகமான ரஸ்ட்டுக்கு மாறலாமா என்று குழுவே மல்லுக்கட்டியது. வேகத்துக்காக அவன் ரஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தான். பழைய சர்வர்களை அழித்தார்கள்.

அன்று மாலை அம்மா வழக்கம்போல, இறந்துபோன அப்பாவிடம் அந்தத் தளத்தின் வழியே போனில் பேச உட்கார்ந்தாள்.

“முட்டி வலி தாங்கலைங்க...”

அவள் முடிப்பதற்குள், “தைலம் தேய்ச்சுக்கோ தனம்” என்றது அப்பாவின் குரல்.

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“உங்கப்பா எதையும் யோசிச்சுத்தான் சொல்வாருப்பா. இது வேற யாரோ.”

அம்மா அழுவாள் என்று இளம்பரிதி காத்திருந்தான். அவள் அழவில்லை.

“இத்தனை வருஷமா குடுக்காமலே இருந்துட்டோம்” என்றாள் அம்மா. “வர்ற அமாவாசைக்கு அவருக்குத் திதி குடுத்துடு.”

“சரிம்மா” என்றான்.