குமரவேலுவின் கையுறை

விரல் அசைவை அளக்கும் பயிற்சிக் கையுறையைத் திரும்ப வாங்க முதியோர் மையத்திலிருந்து வந்த பெண் வாசலிலேயே வாழ்த்தினாள். "ஐயாவோட விரல் முப்பது வயசுக்காரர் மாதிரி வேலை செய்யுதுங்கம்மா. இனிப் பயிற்சி வேண்டாம்னு மையத்துல சொல்லிட்டாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே கண்ணு," என்றாள் அம்சவேணி.

"நிறையப் பேர் காத்திருக்காங்கம்மா."

விரல் பயிற்சியில் பின்தங்கும் முதியவர்களை மையத்தின் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவள் கணவர் குமரவேலுவோ, "இதை மாட்டிக்கிட்டு மணி கோக்க நானென்ன பால்வாடிக் குழந்தையா?" என்று கையுறையைத் தொடவே இல்லை. அவரைப் பிரிய மனமில்லாமல், அவர் மதியம் தூங்கும்போதெல்லாம் அம்சவேணியே அதை மாட்டிக்கொண்டு மணி கோத்தாள். ஒரு நாளாவது சண்டை போட்டு அவர் கையில் மாட்டியிருக்கலாம். இப்போது உண்மையைச் சொன்னால் அவரைக் கொண்டுபோக இன்றே விடுதி வண்டி வந்துவிடும்.

அந்தப் பெண் போனதும் குமரவேலு சிரித்தார். "தொடாமலே பாஸாயிட்டேன் பாத்தியா? மெஷினோட லட்சணம்! சரி, இந்தச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடு."

எல்லாப் பொத்தான்களும் நொடியில் ஏறின.

"இந்த வயசுலயும் உன் விரல் எப்படி இப்படி ஓடுது?" என்றார் அவர்.

மடியில் மடங்கிக் கிடந்த அவர் விரல்களை அம்சவேணி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவை மறுபடியும் மடங்கிக்கொண்டன.