சிவப்பு வண்டியின் சத்தம்

போனைக் கார் பானெட்டின் மேல் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

லைனில், கனடாவில் மகன் காத்துக்கொண்டிருக்கிறான்.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா. அந்தச் சத்தங் கேட்டு எத்தன மாசமாச்சு."

"இரு சாமி. பேட்டரி வயரைப் பாத்துட்டு."

பேட்டரி வயர் நன்றாகத்தான் இருந்தது. இங்கே நெட் மக்கர் செய்கிறது, வீடியோ வராது என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வந்து நிற்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. வளைவில் கொஞ்சம் மிதித்தால் பின்பக்கம் நழுவும். அந்த நழுவலுக்காகவே மகன் யுகேந்திரன் அதை வாங்கினான்.

"இங்க என்ற வண்டி நிக்குதுங்கப்பா. வராம இருப்பனா?"

விமானம் ஏறும்போது சொன்னது. அவன் மறந்துகூடப் போயிருக்கலாம். அவர் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

வண்டி ஓடுகிறவரை பையன் வருவான்.

இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வாரம் தவறாமல் ஓட்டினார். ஆயில் மாற்றினார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்.

தெரியாதது ஒன்றே ஒன்று. அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் வயதாகும், அறுந்துபோகும் முன்பே மாற்ற வேண்டும். அவர் காலமெல்லாம் பிரித்துப் பூட்டிய டீசல் லோடு வண்டிகளில் அந்த இடத்தில் இரும்புப் பல்சக்கரங்கள்தான். இரும்புக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் முனகும். காது கொடுத்தால் போதும்.

ரப்பர் முனகவில்லை.

அவிநாசி ரோட்டில் பட்டென்று போனது. வால்வுகள் அத்தனையும் வளைந்து, இன்ஜின் காலி. அதற்கு இந்த ஊரில் ஒரு திருகாணிகூடக் கிடைக்காது.

மகனிடம் சொல்லியிருக்கலாம். பெல்ட் போச்சு சாமி, எனக்குத் தெரியல. இவ்வளவுதான். ஊரில் பாதி வண்டிக்கு வைத்தியம் பார்த்த வாயில் அந்தக் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் வரவில்லை.

பதிலாக, லோடு வண்டி ஒன்றிலிருந்து சின்ன டீசல் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

அதுவும் பின்சக்கரத்தைத் தள்ளிய இன்ஜின்தான். மற்ற கார்களில்போல் குறுக்காக இல்லாமல் நெடுக்காக உட்கார்ந்து பழகியது. கியர் பாக்ஸோடு பொருத்த லேத்தில் ஒரு தகடு கடைந்தார். இன்ஜின் தாங்கிகளை வெட்டி வெல்டிங் வைத்தார். பானெட் மூடியது. வண்டி நகர்ந்தது.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளிருந்து, மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு வந்து இறங்குகிற சத்தம்.

அன்றைக்கு மார் தட்டிக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவருக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. வேலை சுத்தமான வேலை. செய்ததுதான் சரியா என்று தெரியவில்லை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

வாசற்படியில் மனைவி பூங்கோதை நின்றிருந்தாள். சொல்லிவிடுங்கள் என்று ஜாடை காட்டினாள். அவர் வாயைத் திறந்ததும், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

கட்டியவளுக்கும் குழப்பம்தான்.

அவனை ஏமாற்ற முடியாது. சின்ன வயதிலேயே, தெருமுனையில் திரும்புவது எந்த வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஒரு நொடி போதும் அவனுக்கு.

சரி, ஒரு நொடியில் முடியட்டும். வாய் சொல்லாததை இன்ஜின் சொல்லிவிடட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

தடதடவென்று பிடித்துக்கொண்டது. பானெட் அதிர்ந்தது. போனை நீட்டிப் பிடித்தார்.

பிறகு போனைக் காதில் வைத்தார்.

மகன் குரல் இல்லை. அங்கே யாரோ சிரிப்பது கேட்டது. தட்டு வைக்கிற ஓசை.

மன்னிச்சுக்க சாமி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சூப்பருங்கப்பா. அதே சத்தம். அப்படியே வெச்சிருக்கீங்க."

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஆளுக வந்திருக்காங்க. அப்பறங் கூப்படறனுங்கப்பா."

போன் அடங்கியது.

தப்பித்தோம் என்று மனம் ஒரு கணம் துள்ளியது. துள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டது.

தெரிந்துகொண்டே, அப்பன் மனம் நோகக்கூடாது என்று சொன்னானா. போனைக் காதில் வைக்காமலே சொன்னானா. இல்லை, அந்தச் சத்தமே அவனுக்கு மறந்துவிட்டதா.

திட்டியிருக்கலாம். நன்றாக, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பூங்கோதை படியிறங்கி வந்தாள்.

"ஏனுங்க, என்ன சொன்னான்?"

"நல்லாருக்குதாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப, எப்ப வர்றானாம்?"

இன்ஜினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காதில் கை வைத்து, சத்தத்தில் கேட்கவில்லை என்று காட்டினார்.

அவள் இன்னும் கிட்டே வந்து, உரக்கக் கேட்டாள்.

அவர் குனிந்து உள்ளே உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை மிதித்தார்.